காயம் படாத கோடு

மரண அறிவிப்பு என்றால் எங்கள் வீட்டில் தமிழ் நேசனுக்குத்தான் கொடுப்பார்கள். தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் அதில்தான் வந்தது. கறுப்புக் கட்டம், கடப்பிதழ் அளவில் ஒரு படம், கீழே மக்கள் மருமக்கள் பேரப்பிள்ளைகள் வரிசை. 1924-ல் தொடங்கிய அந்தப் பத்திரிகையே 2019 ஜனவரியோடு நின்றுபோனதால் இந்தச் சாவுச் செய்தியை நானே நீட்டி எழுத வேண்டியதாகிவிட்டது.

இறந்தது ஆள் இல்லை, ஒரு கைவேலை. மலாக்காவில் தமிழர்கள் கித்தா மரத்தில், அதாவது ரப்பர் மரத்தில், பால் வெட்டிய வேலை. பிறந்த வருடம் 1896. இறந்த தேதி என்று ஒன்று கிடையாது. கடைசியாக வெட்டிவிட்டு உளியைத் துடைத்து வைத்தவருக்கே அதுதான் கடைசி வெட்டு என்று தெரிந்திருக்காது.

நாட்டில் பால்வெட்டே ஒழிந்துவிட்டதாகச் சொல்ல வரவில்லை. சிறுதோட்டக்காரர்கள் அங்கங்கே இன்னும் வெட்டுகிறார்கள். தோட்டங்களில் மிச்சமிருக்கும் மரங்களை வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகள் வெட்டுகிறார்கள். நான் சொல்வது புக்கிட் ரம்பாய், சுங்கை ஊடாங், தஞ்சோங் மின்யாக் பக்கத்துக் கதை. ரம்பாய் என்பது கொத்துக் கொத்தாய்த் தொங்கும் ஒரு புளிப்புப் பழம், புக்கிட் என்றால் குன்று. பழத்தின் பேர் கொண்ட அந்தக் குன்றைச் சுற்றி இப்போது இருப்பவை தொழிற்பேட்டை, தாமான் என்னும் வீட்டுக் குடியிருப்பு, மறுபடியும் தாமான். நான் அந்தத் தொழிற்பேட்டையில் முப்பது வருடம் வேலை பார்த்தவன். அம்மா, பாட்டி, பாட்டியின் அக்கா எல்லோரும் பால்வெட்டுக்காரர்கள். எங்களுக்கு நடுவில் விழுந்த இந்தச் சாவு கண்ணில் பட, நியூயார்க்கிலிருந்து ஒரு வெள்ளைக்காரன் வர வேண்டியிருந்தது. அவனும் செத்த பிறகுதான் வந்தான்.

2020 மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாடு போட்டார்கள். தொழிற்சாலை மூடிக் கிடந்தது. ராத்திரி ஷிப்டுக்குப் பழகிய உடம்பு தூங்க மறுத்தது. கைப்பேசியில் எதையெதையோ பார்த்துக்கொண்டிருந்தபோது நெட்டையாய், நரைத்த தலையோடு, கையெல்லாம் பச்சை குத்திய ஒருவர் வந்தார். சரவாக் நீள்வீட்டில் இபான் மக்களோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பத்தாண்டுக்கு முன்னால் வந்தவராம், மறுபடி வருகிறேன் என்று சொன்னவராம், 2015-ல் வந்து நிற்கிறார். ஊசியைக் கோலால் தட்டித் தட்டிக் குத்தும் பழைய முறையில் நெஞ்சில் பச்சை குத்திக்கொண்டார். வலியை மறைக்கவும் இல்லை, பெரிதுபடுத்தவும் இல்லை. ஆண்டனி போர்டெய்ன்.

அடுத்த மூன்று வாரம் எனக்கு வேறு வேலையில்லை. பினாங்கில் அசாம் லக்சா சாப்பிட்டதைப் பார்த்தேன். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ரயிலில் போனதைப் பார்த்தேன். பாத்திரம் கழுவுபவராகத் தொடங்கி நாற்பத்து நான்கு வயது வரை சமையல்கட்டில் வெந்தவர், 2000-ல் ஒரு புத்தகம் எழுதி அதனால் உலகத்துக்குத் தெரிந்தவர் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. எனக்குப் பிடித்தது அவர் சாப்பிடும் விதம் கூட இல்லை, சமைத்தவரின் கையைப் பார்க்கும் விதம். தட்டைப் பார்க்கும் முன் கையைப் பார்ப்பார்.

இவர் மலாக்காவுக்கு வந்தால் எங்கே கூட்டிப் போகலாம் என்று ஒரு பட்டியல் போட ஆரம்பித்துவிட்டேன். சிரிப்புத்தான், ஆனால் போட்டேன். கோழிச்சோற்று உருண்டைக்கு வேண்டாம், அங்கே வரிசையில் நின்றே செத்துவிடுவார். காஜா பெராங் செட்டிக் கம்பத்தில் யாராவது ஒரு பாட்டி வீட்டில் சாப்பாடு. பிறகு எங்கள் பக்கம், யார் வீட்டிலாவது நெத்திலிச் சம்பலும் மரவள்ளிக் கிழங்கும். மகள் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"அப்பா, இவரு செத்து ரெண்டு வருஷம் ஆச்சு."

2018 ஜூன் 8, பிரான்சில் ஒரு ஓட்டல் அறையில், தன் கையால். அறுபத்தோரு வயது. உலகமே அழுது முடித்திருந்தது. நான் அப்போதுதான் அவரைச் சந்தித்துக்கொண்டிருந்தேன். பட்டியலைக் கிழிக்கவில்லை. சாப்பாட்டு மேசை இழுப்பறையில் அது இன்னும் கிடக்கிறது.

அவருடைய பயண நிகழ்ச்சிகளை விடவும் என்னைப் பிடித்து உட்கார வைத்தது 'ரா கிராஃப்ட்' என்ற சின்னத் தொடர். ஒரு விஸ்கி கம்பெனியின் காசில் எடுத்தது. விளம்பரம்தானே என்று ஒதுக்கிவிடலாம், எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு பாகத்திலும் ஒரு கைவேலைக்காரர். வார்ப்பிரும்புச் சட்டி செய்பவர்கள், கோட்டு தைக்கும் தையல்காரர், ஈய எழுத்துக் கோத்து அச்சடிப்பவர்கள். அவர் அதிகம் பேசமாட்டார், பக்கத்தில் நின்று பார்ப்பார். பாப் கிரேமர் என்ற கத்திக் கொல்லர் விண்கல் இரும்பும் எஃகும் சேர்த்து ஒரு சமையல் கத்தி அடித்துக் கொடுத்தார். போர்டெய்ன் இறந்த மறு வருடம் அந்தக் கத்தி ஏலத்துக்கு வந்தது. 2,31,250 அமெரிக்க டாலருக்குப் போனது.

அந்த எண்ணைப் படித்துவிட்டுத் தலையைத் தூக்கினால் எதிரே அலமாரி. அதன் மேல், பழைய பால்மாவு டின்னில், அம்மாவின் உளி.

பால்வெட்டும் உளியைப் பார்க்காத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைந்த இரும்பு, பின்பாதியில் மரப்பிடி, நுனி மட்டும் மடங்கிச் சின்ன வாய்க்கால் போலக் குழிந்திருக்கும். வெட்டுவது அந்தக் குழிவின் விளிம்பு. அம்மாவின் பிடியில் கட்டைவிரல் படும் இடம் பள்ளமாகத் தேய்ந்திருக்கிறது. மரம் தேய்ந்த அளவுக்கு அம்மாவின் கை காய்த்திருந்தது. சுட்டுவிரலின் அடியில், உள்ளங்கையில் ஒரு மஞ்சள் தழும்பு. சாமி கும்பிடும்போது மட்டும் அது எனக்குத் தெரியும். போர்டெய்னும் சமையல் கத்தி பிடித்துப் பிடித்துக் காய்த்த தன் கையைப் பற்றிப் பெருமையாக எழுதியிருக்கிறார். அம்மா அந்தத் தழும்பைப் பிளேடால் சீவிக்கொண்டிருப்பார்.

இனி வேலையைச் சொல்ல வேண்டும். இரங்கலில் இறந்தவர் என்ன செய்தார் என்பதையே விட்டுவிட்டு எழுதும் பழக்கம் நமக்கு உண்டு.

விடியற்காலை ஐந்தரைக்கெல்லாம் மரத்தடியில் இருக்க வேண்டும். குளிர்ச்சியில்தான் மரத்துக்குள் அழுத்தம் இருக்கும், பால் ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்து நின்றுவிடும். நெற்றியில் விளக்கு, இடுப்பில் தகர டப்பாவுக்குள் புகையும் கொசுவத்தி. முதலில் முந்தின வெட்டில் காய்ந்து கிடக்கும் கோட்டுப்பாலை ஒரே இழுப்பில் உரித்துப் பையில் போட வேண்டும். (அந்த நாரைச் சுற்றிச் சுற்றித்தான் நாங்கள் பந்து செய்தோம். தரையில் அடித்தால் கூரைக்குப் போகும்.) பிறகு உளியைக் கோட்டின் இடது மேல்முனையில் வைத்து, வலது கீழ்ப்பக்கமாக இழுத்துக்கொண்டே மரத்தைச் சுற்றிப் பின்னோக்கி நடக்க வேண்டும். அரை மரம். சர்ர்ரென்று ஒரு சத்தம். பட்டைச் சீவல் சுருண்டு காலடியில் விழும்போதே கோட்டில் வெள்ளைப் புள்ளிகள் முளைத்து, ஒன்றாகி, பீலி என்ற தகட்டு வழியாக மங்கு என்ற கிண்ணத்துக்குள் இறங்கும். அடுத்த மரம். ஐந்நூறு மரம் வரைக்கும் இதுதான்.

இடமிருந்து வலமாகச் சரிவு ஏன்? அம்மாவைக் கேட்டால் "அப்படித்தான் வெட்டணும்" என்பார். பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் நேராக நிற்பதில்லை, லேசாகச் சாய்ந்து மரத்தைச் சுற்றி ஏறுகின்றன. கோட்டை இந்தப் பக்கமாகச் சரித்தால் கூடுதல் குழாய்கள் அறுபடும், மாற்றிச் சரித்தால் குறையும். இதை நான் அறுபது வயதை நெருங்கும்போது படித்துத் தெரிந்துகொண்டேன்.

ஆழம்தான் உயிர். பால்குழாய்கள் அதிகம் இருப்பது பட்டையின் உள்பக்கத்தில், மரத்தை ஒட்டி. அதைத் தொடும் அளவு வெட்டாவிட்டால் பால் கிடையாது. கொஞ்சம் தாண்டினால் மரத்துக்கும் பட்டைக்கும் நடுவிலுள்ள உயிர்ப்படலம் அறுந்து காயமாகிவிடும். காயம் பட்ட இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், மறுமுறை அங்கே கோடு போட முடியாது. ஆக, விட்டு வைக்க வேண்டிய பட்டை ஒரு மில்லிமீட்டர் சொச்சம். சீவி எடுக்க வேண்டியதும் அதே கணக்கு, ஒன்றரை, போனால் இரண்டு. வருடத்துக்கு ஒரு சாண் பட்டைக்கு மேல் தின்றுவிடக் கூடாது. அப்படித் தின்னாமல் வெட்டினால் முதல் பக்கம் முடிந்ததும் மறுபக்கத்துக்குப் போகலாம், அதுவும் முடிவதற்குள் முதல் பக்கத்தில் புதுப்பட்டை வந்துவிடும். மரம் இருபது இருபத்தைந்து வருடம் கொடுக்கும்.

நான் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருந்தவன். ஒரு மில்லிமீட்டரை அளக்க எனக்குப் பகல் மாதிரி வெளிச்சம், குளிரூட்டிய அறை, வருடா வருடம் சான்றிதழ் வாங்கிய மைக்ரோமீட்டர் எல்லாம் கொடுத்திருந்தார்கள். அம்மா இருட்டில், நடந்துகொண்டே, கையில் ஏறும் அதிர்வை வைத்து அளந்தார். வேளைக்கு ஐந்நூறு தடவை.

இந்த வெட்டுக்கு ஒரு வரலாறும் இருக்கிறது. அது எங்கள் மாநிலத்து மண்ணில்தான் வேர் பிடித்தது. பிரேசிலில் காட்டு மரத்தைக் கோடாலியால் கொத்திப் பால் எடுத்தார்கள், மரம் புண்ணாகிப் போகும். 1888-ல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்குப் பொறுப்பாக வந்த ஹென்றி ரிட்லிதான், வெட்டிய விளிம்பையே மறுபடி மறுபடி மெல்லியதாகச் சீவினால் மரம் சாகாது, பாலும் கூடும் என்று செய்து காட்டினார். சட்டைப்பையில் விதையை வைத்துக்கொண்டு காப்பித் தோட்டக்காரர்களிடம் நடச் சொல்லிக் கெஞ்சியவர். 'பைத்தியக்கார ரிட்லி' என்று பட்டப்பேர். கேலி செய்தவர்களை எல்லாம் அனுப்பிவிட்டு நூறு வயது வரை வாழ்ந்தார். அவர் பேச்சைக் கேட்ட முதல் ஆள் மலாக்காவின் பாபா சீனர், தான் சாய் யான். 1896-ல் புக்கிட் லிந்தாங்கில் நாற்பது ஏக்கர் நட்டார். நாட்டின் முதல் வணிகக் கித்தாத் தோட்டம் அது. பிறகு புக்கிட் ஆசாஹானில் பெரிதாக. அதற்குப் பின்னால் வெள்ளைக்காரக் கம்பெனிகள், கங்காணிகள், கப்பல் கப்பலாக நம் ஆட்கள். 1938-ல் இந்திய அரசு தோட்டத் தொழிலாளர் போக்கை நிறுத்தும் வரை.

ரிட்லிக்கு வரலாற்றில் பேர் இருக்கிறது, தான் சாய் யானுக்குத் தெரு இருக்கிறது. நியாயம்தான். அந்த முறையை நூறு வருடம் இருட்டில் செய்தவர்களுக்கு இருந்தது ஒரு புத்தகம். மேற்பார்வையாளர் கையில் இருந்த புத்தகம். வெட்டு முடிந்த பிறகு அவர் நிரைக்கு நிரை வந்து கோட்டைத் தடவிப் பார்ப்பார். ஆழம் போதாதா, பட்டை அதிகம் போயிருக்கிறதா, காயம் எத்தனை. காயத்துக்குச் சுண்ணாம்புக் குறி போடுவார், பிறகு பேரைக் கூப்பிட்டுத் திட்டுவார். அம்மாவின் பேர் அதில் வந்ததாக எனக்கு நினைவில்லை. காயமே படாமல் வெட்டிய நிரையைப் பற்றி எழுத அந்தப் புத்தகத்தில் கட்டம் கிடையாது. தப்பு நடந்தால்தான் அம்மாவின் திறமை கணக்கில் வரும். இருபத்தெட்டு வருடம் அம்மா அந்தப் புத்தகத்தில் இல்லாமலே இருந்தார்.

நம் எழுத்திலும் கிட்டத்தட்ட இதுதான். அகிலன் இங்கே வந்து பார்த்துவிட்டு 'பால்மரக் காட்டினிலே' எழுதினார். அதற்கு முன்னும் பின்னும் இங்குள்ளவர்கள் எவ்வளவோ எழுதினார்கள். கண்ணீரும் வேர்வையும் கொசுக்கடியும் நிறைய உண்டு, பொய்யும் இல்லை. ஆனால் அந்தக் கை உளியை எப்படிப் பிடித்தது என்று நின்று பார்த்த பக்கம் நான் படித்தவரை குறைவு. பாவம் என்று பார்த்துவிட்டால் கெட்டிக்காரத்தனம் கண்ணுக்குத் தெரியாது போலிருக்கிறது.

வெட்டு முடிந்து பால் மங்கில் இறங்கும் அந்த இரண்டு மூன்று மணி நேரம்தான் பசியாறும் நேரம். போர்டெய்னை அங்கேதான் உட்கார வைத்திருக்க வேண்டும். பள்ளி விடுமுறையில் நானும் போவேன். தூக்குச்சட்டியில் பழைய சோறு, மேலே இரண்டு சின்ன வெங்காயம், வாழையிலையில் சுட்ட கருவாடு. கோப்பி ஓ, சீனி கூடுதலாக. அம்மா கையைக் கழுவினாலும் கித்தாப் பால் வாடை போகாது. பிசைந்து கொடுக்கும் உருண்டையில் அந்தப் புளித்த வாடையும் கருவாட்டு வாடையும் கலந்திருக்கும். பக்கத்து நிரைப் பெண்கள் அவரவர் சட்டியைத் திறந்து, ஒருத்தி சம்பலை எடுத்து இன்னொருத்தி சோற்றில் வைப்பாள், கேட்காமலே. நூறு நூற்றைம்பது மங்கில் பால் சொட்டும் சத்தம் சுற்றிலும். அது கேட்காது என்பார்கள். காடு அமைதியாக இருந்தால் கேட்கும்.

எப்படிச் செத்தது என்று கேட்டால் ஒரே நாளில் இல்லை. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் தோட்டத் துண்டாடல். வெள்ளைக்காரர்கள் விற்றார்கள், வாங்கியவர்கள் கூறு போட்டு விற்றார்கள். அதைத் தடுக்க 1960-ல் துன் சம்பந்தன் கூட்டுறவுச் சங்கம் தொடங்கித் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்கியது தனிக் கதை. பிறகு செம்பனை. அதற்கு விடியலில் எழ வேண்டாம், ஒரு மில்லிமீட்டர் கணக்கும் வேண்டாம். உலகக் கித்தாவில் முதலிடத்தில் இருந்த நாடு 1990 வாக்கில் தாய்லாந்துக்கு வழிவிட்டது. அதோடு தொழிற்பேட்டைகளும் வந்தன.

கொன்றவர்கள் வரிசையில் நானும் உண்டு. பதினேழு வயதில் ஒரு நாள் உளியை எடுத்துப் பார்த்தேன். அம்மா கையிலிருந்து பிடுங்கினார். "இதத் தொட்டே, கைய ஒடைப்பேன்." நான் சந்தோஷமாக விட்டுவிட்டேன். தொழிற்சாலை பஸ் லயத்து வாசலில் வந்து ஹார்ன் அடித்த முதல் நாள், சீருடையில் நான் ஏறுவதை அம்மா வெட்டுக்காட்டிலிருந்து சீக்கிரம் வந்து நின்று பார்த்தார். அந்த வேலையை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்காமல் இருப்பதற்காகத்தான் அம்மா அந்த வேலையை அவ்வளவு நன்றாகச் செய்தார். இதற்கு இரங்குவதா என்று எனக்குள் இன்னும் ஒரு வழக்கு ஓடுகிறது. பிள்ளைகள் விடியலில் பாம்புக்காட்டுக்குப் போக வேண்டாம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அம்மா 2011-ல் போகும் வரை, அந்த ஒரு மில்லிமீட்டரை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை. முன்பின் தெரியாத கொல்லரிடம் போர்டெய்ன் கேட்டதை.

சென்ற வருடம் ஒரு காரியம் செய்தேன். எங்கள் தாமானுக்குப் பின்னால், தொழிற்சாலை வேலியை ஒட்டி, யாரும் கேட்பாரற்ற கித்தா மரம் ஏழெட்டு நிற்கிறது. உளியை எடுத்துக்கொண்டு போனேன். யூடியூபில் பத்துத் தடவை பார்த்திருந்தேன், முப்பது டிகிரிச் சரிவை அளந்து சாக்பீஸால் கோடுகூடப் போட்டேன். முதல் இழுப்பில் உளி வழுக்கியது. இரண்டாவதில் பட்டையோடு மரமும் சேர்ந்து பெயர்ந்தது. வெள்ளைப் பாலுக்குப் பதிலாக மரத்தின் மஞ்சள் சதை தெரிந்தது. சுண்ணாம்புக் குறி போட ஆளில்லாத குறைதான்.

எங்கள் லயத்தில் மூன்றாவது வீட்டில் இருந்த பெரியம்மா இப்போது அதே தாமானில் மகன் வீட்டில் இருக்கிறார். எண்பதை நெருங்குகிறார். சுள்ளி பொறுக்குகிற சாக்கில் பின்னால் வந்து நின்றிருக்கிறார். எனக்குத் தெரியாது.

"மரத்துக்கு வலிக்கும்டா."

திரும்பினேன். என்னைப் பார்க்கவில்லை, உளியைப் பார்த்தார். கை நீட்டினார், கொடுத்தேன். கட்டைவிரல் நகத்தில் விளிம்பை வைத்துப் பார்த்தார். வழுக்கியது.

"இது ஒங்கம்மாளோட உளி. இதப் போய் மொட்டையா வச்சிருக்க. எத்தன வருஷம் தீட்டல?"

"அம்மா போனதுலேருந்து எடுக்கல பெரியம்மா."

வீட்டுக்கு நடந்தார், பின்னாலேயே போனேன். துணி துவைக்கும் இடத்தில் இருந்த கல்லை எடுத்து, தண்ணீர் தெளித்து, முக்காலியில் உட்கார்ந்து தீட்ட ஆரம்பித்தார். குழிவின் உள்பக்கத்துக்கு வேறு ஒரு சின்னக் கல், தோட்டத்திலிருந்து கொண்டு வந்ததாம், அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து வந்தது. நான்கு இழுப்பு, நகத்தில் வைத்துப் பார்ப்பது, மறுபடி நான்கு இழுப்பு. கை நடுங்கியது, உளியைப் பிடித்ததும் நின்றுவிட்டது. அம்மா எப்படி வெட்டுவார் என்று கேட்டேன்.

"ஒங்கம்மா வெட்டுன கோட்டுல தண்ணி ஊத்துனா நிக்காம ஓடும். எங்க யாரு கோடும் அப்பிடி இருக்காது."

முதல் தடவையாகக் கேட்கிறேன். மேலே சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அவர் தீட்டிக்கொண்டிருந்தார். ஒன்பது மணி ஆகியிருக்கும். விளிம்பில் வெள்ளிக் கோடு மாதிரி ஒன்று மின்னியது. நகத்தில் வைத்தார், பிடித்துக்கொண்டது. எழுந்து காட்டுக்குப் போவோமா என்றேன். வானத்தைப் பார்த்தார்.

"வெயிலு வந்துருச்சு. இப்ப வெட்டுனா பாலு வராது, மரந்தான் புண்ணாவும். நாளைக்கு அஞ்சு மணிக்கு வா."

மறுநாள் நான்கரைக்கே எழுந்துவிட்டேன். வெளியே மழை. மழையில் வெட்டு கிடையாது.